மைசூரின் எல்லையில் ஒரு மனை

மைசூர் என்றவுடன் அரண்மனையின் விளக்கொளியும், சாமுண்டி மலையும், தசரா ஊர்வலமும் நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசியவர் பலர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, யாத்திரிகர்கள் பார்க்கச் செல்லாத மைசூரைப் பற்றியதாகும். ராகி வயலுக்குப் பக்கத்தில் மாடி வீடும், மாடி வீட்டின் மதிலை ஒட்டி மாட்டுக் கொட்டிலும், அதற்கப்பால் காவற்காரர் நிற்கும் பெரிய வாயிலுமாகக் காட்சி தரும் நகர எல்லையே அது. நகரம் எங்கே முடிந்தது, கிராமம் எங்கே தொடங்கியது என்று அங்கே கோடு கிழித்துக் காட்ட முடியாது.

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்து, பெங்களூரிலும் பம்பாயிலும் பிற இடங்களிலும் வாழும் தமிழர் பலருக்கு ஓய்வுக் காலத்தைப் பற்றி ஒரு கனவு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் உள்ள இந்த ஊரில் ஒரு மனை வாங்கி, தென்னை இரண்டும் மல்லிகைக் கொடி ஒன்றும் வைத்து, அமைதியாகக் காலம் கழிக்க வேண்டும் என்பதே அக்கனவு. ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம் என்று மைசூருக்கு வெகுநாளாக ஒரு பெயர் வழங்கி வருகிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி முதல் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே வந்தே பாரத் விரைவு ரயில் ஓடுகிறது. 2023ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே 118 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பெருஞ்சாலை திறந்துவைக்கப்பட்டது. வழி குறுகக் குறுகக் கனவும் நெருங்கி வருகிறது. அதனோடு மனையின் விலையும் ஏறுகிறது. ஆகவே, நகரத்தின் எல்லையில் நாம் வாங்கும் பொருள்தான் என்ன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

இந்த நகரம் வெளிநோக்கி வளரத் தொடங்கிய கதையை முதலில் சொல்ல வேண்டும். 1891ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் மைசூர் நகரில் 74,048 பேர் இருந்தனர். 1901ஆம் ஆண்டுக் கணக்கில் 68,111 பேரே இருந்தனர். பத்தாண்டில் ஒரு தலைநகரம் இவ்வாறு சுருங்குவது இயற்கையன்று. இடையில் வந்தது பிளேக் நோய். கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள குறுகிய சந்துகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த மக்களை அந்நோய் சூறையாடிற்று. காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்பே கொள்ளைநோய்க்குக் களம் என்பதை அப்போது ஆட்சியாளர் உணர்ந்தனர். 1903ஆம் ஆண்டில் நகர அபிவிருத்திக்கென்றே ஒரு டிரஸ்ட் போர்டு மைசூரில் அமைக்கப்பட்டது. அகன்ற சாலைகளும், வீடுகளின் பின்புறம் துப்புரவுச் சந்துகளும், ஒழுங்கான மனைகளுமாகப் புதிய பகுதிகள் எழுந்தன. திவானின் பெயரால் கிருஷ்ணமூர்த்திபுரம், அரசியின் பெயரால் வாணிவிலாச மொஹல்லா என்று பெயர்கள் அமைந்தன. வாணிவிலாச மொஹல்லாவை மக்கள் ஒண்டிகொப்பல் என்ற பழைய கிராமப் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள்.

அந்நாளில் ஒண்டிகொப்பல்தான் நகரத்தின் வெளி எல்லை. வானொலி நேயர்களுக்கு அந்த இடத்தின் மேல் தனிப் பற்று இருக்க வேண்டும். மகாராஜா கல்லூரியில் மனத்தத்துவப் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலஸ்வாமி, 1935ஆம் ஆண்டில் அங்கே தம் வீட்டிலேயே சிறிய ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நிறுவினார். அதற்கு இடப்பட்ட 'ஆகாசவாணி' என்ற பெயரே பின்னர் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று. ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த அந்த ஒண்டிகொப்பல் இன்று ஊரின் நடுவே, வண்டி நிறுத்த இடமில்லாத பகுதியாக இருக்கிறது.

யாதவகிரியின் கதையும் அதுவே. ஆங்கிலத்தில் கதை எழுதி உலகப் புகழ் பெற்ற ஆர். கே. நாராயண் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர். அவர் சொந்தமாக வீடு கட்டிக்கொண்ட 1950களில் யாதவகிரி, வீடுகள் விட்டுவிட்டு நின்ற மேட்டுப் புறநகர். பிற்காலத்தில் அந்த நிலத்தின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அந்த வீடே சாட்சி. நாராயண் 2001ஆம் ஆண்டில் காலமானார். 2011ஆம் ஆண்டில் வீடு கைமாறி, அடுக்குமாடி கட்டுவதற்காக இடிக்கவும் தொடங்கினார்கள். ஊரார் குரல் எழுப்பியதால் இடிப்பு நிறுத்தப்பட்டது. அரசாங்கம் தலையிட்டு, வீடு பழுது பார்க்கப்பட்டு, 2016ஆம் ஆண்டில் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. உலகம் அறிந்த எழுத்தாளரின் வீடாக இருந்தமையால் அது பிழைத்தது. அதைப் போன்ற எத்தனையோ தோட்ட வீடுகள் சத்தமில்லாமல் மறைந்துபோயின. அமைதி வேண்டுமென்று ஒரு தலைமுறை தேடிச் செல்லும் எல்லை, அடுத்த தலைமுறைக்கு நகரின் மையமாகிவிடுகிறது. எல்லையில் மனை வாங்குகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

ஆனால் பழைய விரிவுப் பகுதிகளிடத்தில் ஒரு முறைமை இருந்தது. முதலில் ஒரு பொது அமைப்பு நிலத்தைக் கையகப்படுத்தும். பிறகு சாலை, குடிநீர்க் குழாய், சாக்கடை, பூங்கா ஆகியவற்றைத் திட்டமிடும். அதன்பின்னரே மனைகளைப் பிரித்து மக்களுக்கு வழங்கும். டிரஸ்ட் போர்டின் பணியை 1988ஆம் ஆண்டில் மைசூர் நகர அபிவிருத்தி ஆணையம் ஏற்றுக்கொண்டது. அரசாங்க அமைப்பு வழங்கும் மனைக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டு, ஆண்டுகள் கடந்தபோது, தனியார் மனைப்பிரிவுகள் பெருகின. ஆணையத்தின் அங்கீகாரம் பெற்று முறையாக அமைக்கப்பட்டவை அவற்றில் பல உண்டு. நிலத்தில் நான்கு கல்லை நட்டு, வண்ணப் பலகை ஒன்றை நிறுத்தி, தண்ணீரும் சாக்கடையும் பின்னால் வரும் என்ற வாக்குறுதியை மட்டும் முன்னால் விற்ற பிரிவுகளும் உண்டு. பழைய வரிசை தலைகீழாயிற்று என்றால் மிகையாகாது.

இப்போது, நகரிலிருந்து மேற்கே செல்லும் ஹுணசூர் சாலையில் மனத்தால் ஒரு பயணம் போய்வருவோம். குடகுக்குச் செல்லும் நெடுஞ்சாலை இதுவே. விஜயநகரைக் கடந்து ஹின்கல் என்ற பழைய கிராமத்தை அடைந்தால், அங்கே நகரைச் சுற்றி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் வெளிவட்டச் சாலை குறுக்கிடுகிறது. அதற்கப்பால் ஹூட்டகள்ளி, கூர்கள்ளி ஆகிய ஊர்கள். மண் வாரும் பெரும் இயந்திரங்கள் செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலை இப்பக்கத்தில் 1984ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. வடக்கே ஹெப்பாள் பகுதியில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி நிலையம் பரந்து கிடக்கிறது. இன்னும் மேற்கே, நகரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், இலவாலா என்னும் யெல்வால் இருக்கிறது. இந்த வழி நெடுகிலும், உள்ளே பிரியும் கிராமப் பாதைகளிலும் மதில் சூழ்ந்த குடியிருப்புகள் எழுந்துள்ளன. போகாதி வழியாகக் கத்திகே செல்லும் சாலையிலும் இதே காட்சிதான்.

இங்கே வந்து குடியேறுகிறவர்கள் யார்? தொழிற்சாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் ஒரு சாரார். 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1969ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் நாட்டின் பல மாநிலத்தவரையும் மைசூருக்கு அழைத்து வந்தன; அவர்களுள் தமிழரும் உண்டு. குடகில் காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்திய வசதிக்கும் மைசூரில் வீடு கட்டுவோர் மற்றொரு சாரார். பெங்களூரின் நெரிசலைத் தாங்காமல் வருவோரும், வாரக் கடைசியில் மட்டும் வந்து போவோரும் உளர். அயல்நாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ, ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்காகக் கட்டும் வீடுகளும் பல. நகரத்தின் வடபாகத்தில் உள்ள கோகுலத்தின் கதையே தனி. யோக ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் 2002ஆம் ஆண்டில் தம் பள்ளியை அங்கே மாற்றியதிலிருந்து, உலகின் பல பாகங்களிலிருந்தும் யோகம் பயில வருவோர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அங்கே வாடகை நிர்ணயமாவது அவர்களுடைய கைப்பொருளைக் கொண்டுதான்.

இத்தனை பேரும் புதிதாக வந்தவர்கள். ஆனால் அந்த மண்ணில் முன்பே ஒரு மக்கள் கூட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ராகியும் அவரையும் விதைத்தவர்கள், ஹுணசூர்ப் பக்கத்தில் புகையிலை பயிரிட்டவர்கள், நகரத்துக்குப் பாலும் பூவும் கீரையும் கொண்டுவந்து விற்றவர்கள். மைசூர் வெற்றிலையும் மைசூர் மல்லிகையும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். வெற்றிலைக் கொடிக்காலும் மல்லிகைத் தோட்டமும் நகரத்தை ஒட்டிய ஈர நிலத்தில் செழித்தவை. அந்த நிலத்தின்மேல்தான் நகரம் முதலில் கால் வைத்தது.

நிலம் யாருக்கு உரியது என்ற கேள்வியை இந்த ஹுணசூர் சாலையைப் போல் ஆழமாகக் கண்ட சாலை நாட்டில் அதிகம் இராது. வினோபா பாவே 1951ஆம் ஆண்டில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் பூதான இயக்கத்தைத் தொடங்கி, கால்நடையாகவே நாடெங்கும் சென்றதையும், தமிழகத்திலும் பல மாதங்கள் நடந்ததையும் நம் பெரியோர் அறிவர். பூதானம் வளர்ந்து கிராமதானமாயிற்று. தனித்தனி உடைமையை விட்டு, ஊர் நிலம் முழுவதும் ஊருக்கே உரியது என்று கிராமத்தார் எழுதிக் கொடுப்பதே கிராமதானம். அதனை ஆராய்வதற்காக 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 21, 22 தேதிகளில் தலைவர்களின் மாநாடு ஒன்று கூடியது. அது கூடிய இடம் இந்த யெல்வால். குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத், பிரதமர் நேரு, கேரளத்தின் கம்யூனிஸ்டு முதலமைச்சர் நம்பூதிரிபாடு ஆகியோர் வினோபாவுடன் அங்கே அமர்ந்தார்கள். கட்சிகளால் வேறுபட்டிருந்த அவர்கள் கிராமதான இயக்கத்தைப் பாராட்டி ஒருமித்த அறிக்கை வெளியிட்டார்கள்.

அதே சாலையில் இன்னும் மேற்கே சென்றால் ஹுணசூர் தாலூகாவில் கல்லஹள்ளி என்னும் சிற்றூர் உண்டு. கருநாடகத்தின் முதலமைச்சராக இருந்த தேவராஜ் அர்ஸ் அவ்வூரைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு 1974ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. உழுத குத்தகைதாரர் நிலத் தீர்ப்பாயத்தின் முன் விண்ணப்பித்து உடைமையாளராக வழி பிறந்தது. இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கருமாகப் பல குடும்பங்கள் முதன் முதலாகத் தம் பெயரில் நிலம் பெற்றது அப்போதுதான்.

மூன்றாவது கட்டம் நம் கண் முன் நிகழ்ந்தது. 1961ஆம் ஆண்டின் கருநாடக நிலச் சீர்திருத்தச் சட்டப்படி விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கத் தடை இருந்தது. வேளாண்மை அல்லாத வழியில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வருமானம் உள்ளவரும் வாங்க இயலாது. அந்த வரம்பு கடைசியாக ஆண்டுக்கு 25 இலட்சம் ரூபாயாக இருந்தது. 2020ஆம் ஆண்டில் இத்தடைகள் நீக்கப்பட்டன. விளைநிலம் யாருக்கும் திறந்த சந்தைப் பொருளாயிற்று. தானம் செய்யப்பட வேண்டும் என்று தலைவர்கள் கூடிப் பேசிய ஊரில், உழுதவனுக்கு உரிமையாக்கப்பட்ட அதே நிலம், இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. இதில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கடனில் மூழ்கிய குடியானவனுக்கு நிலத்தின் நல்ல விலை ஒரு விடுதலை. மகளின் கலியாணமும் மகனின் படிப்பும் அதனால் நடக்கின்றன. இருந்தாலும், பெற்ற பணம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதே கேள்வி.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலை, பூங்கா, பொதுத் தேவை இடம் ஆகியவற்றை விதிப்படி விட்டபின், ஏறத்தாழப் பாதியே மனையாக விற்கத்தக்கது. அப்படியானால் ஏக்கருக்கு, முப்பதுக்கு நாற்பது அளவில், அதாவது 1,200 சதுர அடியில், பதினெட்டு மனைகள் கிடைக்கும். விவசாயி ஏக்கர் கணக்கில் விற்கிறார். வாங்குகிறவர் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறார். இடைப்பட்ட வேறுபாட்டில் சாலை போட்ட செலவு அடங்கும், அங்கீகாரம் பெற்ற செலவு அடங்கும், காத்திருந்த முதலுக்கு வட்டி அடங்கும், இலாபமும் அடங்கும். விற்றவர் அதே இடத்தில் தம் பிள்ளைக்கென ஒரு மனையைத் திரும்ப வாங்க நினைத்தால், தாம் விற்ற நிலத்தின் பெரும்பகுதிப் பணத்தை அதற்கே கொடுக்க நேரிடலாம். நிலம் இருந்த இடத்தில் எழுந்த வீட்டுக்கு அவர் குடும்பத்தார் காவலுக்கும் தோட்ட வேலைக்கும் வருகிற காட்சியை இப்புறநகரில் காணலாம்.

அடுத்தது தண்ணீர். மைசூர் நகரத்துக்குக் காவிரியிலிருந்தும் கபினியிலிருந்தும் நீர் வருகிறது. குழாயின் வலிமை நகரத்தின் பழைய எல்லையோடு குன்றுகிறது. எல்லைக்கு அப்பால் ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியுமே பல இடங்களில் துணை. ஒரே நிலத்தடி ஊற்றிலிருந்து மதிலுக்கு உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் இறைக்கிறார்கள். ஆழமாகத் தோண்ட வசதி உள்ளவர் வீட்டில் நீர் வரும். கிராமத்துப் பொதுக் கிணறு வற்றும். கழிவுநீரும் அவ்வாறே. முறையான சாக்கடை இல்லாத இடத்தில் அது தாழ்வான திசை நோக்கிச் செல்லும். தாழ்வான இடத்தில் இருப்பவை ஏரிகள். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் 1828ஆம் ஆண்டில் தம் அரசியின் பெயரால் வெட்டுவித்த லிங்காம்புதி ஏரி, ஊருக்கு வெகு தொலைவில் பறவைகள் சூழ இருந்தது. இன்று ராமகிருஷ்ணநகரும் ஸ்ரீராம்புராவும் அதன் கரையளவும் வந்துவிட்டன. அதைக் காப்பதே அங்கு வாழ்வோரின் ஓயாத வேலையாகியிருக்கிறது.

இந்தச் சுமையைத் தாங்கக் கிராமப் பஞ்சாயத்துகளால் இயலவில்லை. ஆகவே 2020ஆம் ஆண்டில் ஹூட்டகள்ளி நகரசபையாகவும், போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகொளா ஆகியவை பட்டணப் பஞ்சாயத்துகளாகவும் உயர்த்தப்பட்டன. பெயர்ப்பலகை ஒரு நாளில் மாறிவிடும். குழாயும் வடிகாலும் வர ஆண்டுகள் ஆகும். வரி மட்டும் முன்னதாக வந்து சேரும்.

எல்லைப்புற வாழ்க்கையில் மனிதர் மட்டும் அயலார் அல்லர். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி, மேற்சொன்ன இன்போசிஸ் வளாகத்தில் சிறுத்தை ஒன்று நடமாடியது காணப்பட்டது. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். வனத்துறையினர் பல நாள் தேடியும் அது அகப்படவில்லை. இயற்கையின் மடியில் வீடு என்று விளம்பரம் செய்கிறோம். இயற்கைக்கும் தன் பழைய வழித்தடம் நினைவில் இருக்கிறது.

இனி, வாங்க எண்ணுகிற நம்மவர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைச் சொல்லி வைக்கிறோம். நம் பக்கத்தில் ஏக்கருக்கு நூறு சென்ட் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். கருநாடகத்தில் ஏக்கருக்கு நாற்பது குண்டா. ஒரு குண்டா 1,089 சதுர அடி. அதாவது இரண்டரை சென்ட். நாற்பதுக்கு அறுபது மனை என்று இங்கே சொல்வது 2,400 சதுர அடி. அது சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு. நம்மூரில் பட்டா, சிட்டா என்று கேட்கிறோம்; இங்கே விளைநிலத்துக்குப் பஹணி, வீட்டுமனைக்குக் காத்தா. காத்தா என்பது வரி செலுத்துவோர் பதிவே ஆகும். அது ஒன்றையே உரிமைப் பத்திரமாக நம்பிவிடலாகாது. மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் பின்னோக்கிப் பார்த்துத்தான் உரிமையை முடிவு செய்ய வேண்டும். விளைநிலம் மனையாக மாற்றப்பட்டதற்கு டெப்டி கமிஷனரின் உத்தரவு இருக்கிறதா, நகர அபிவிருத்தி ஆணையம் மனைப்பிரிவின் வரைபடத்தை அங்கீகரித்திருக்கிறதா, 2016ஆம் ஆண்டின் கட்டட மனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

இன்னும் இரண்டு உண்டு. இவை சட்டம் மட்டுமல்ல, நீதியும் சார்ந்தவை. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் பழங்குடியினருக்கும் அரசாங்கம் வழங்கிய நிலத்தை அரசாங்க அனுமதியின்றி விற்பதை 1978ஆம் ஆண்டின் கருநாடகச் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு விற்கப்பட்டிருந்தால், நிலம் பழைய உடைமையாளர் குடும்பத்துக்கே திரும்பக் கூடும். அதைக் கோருவதற்குக் கால வரம்பில்லை என்று 2023ஆம் ஆண்டில் திருத்தமும் செய்யப்பட்டது. எத்தனை கை மாறி வந்திருந்தாலும் கடைசியில் வாங்கியவரே நட்டப்படுவார். மற்றொன்று, பெண்மக்களின் பங்கு. பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை உண்டு என்பதை 2005ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நாடு முழுவதற்கும் உறுதி செய்தது. அண்ணன் தம்பிமார் கையொப்பமிட்டார்கள், புகுந்த வீட்டில் இருக்கும் சகோதரியைக் கேட்கவில்லை என்றால், வழக்கு வாசலில் காத்திருக்கிறது. அவளைக் கேட்டு அவள் பங்கைக் கொடுக்கச் செய்வது வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு. அவளுக்கோ அது நியாயம்.

பத்திரங்கள் கன்னடத்தில் இருக்கும். தமிழில் பேசும் தரகர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்து, எழுத்தறியாத இடத்தில் கையொப்பமிடுவது விவேகமன்று. கன்னட எழுத்தைக் கற்றுக்கொள்ளத் தமிழருக்குச் சில வாரங்கள் போதும். மொழியும் நம் மொழிக்கு உடன்பிறப்பு. பத்திரத்தைப் படிப்பதற்காகத் தொடங்கும் அக்கல்வி, பக்கத்து வீட்டாரோடு பேசவும் உதவும். மைசூருக்குத் தமிழர் புதியவர் அல்லர். செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்த ரங்காச்சார்லு 1881ஆம் ஆண்டில் மைசூர் திவானானார். அவர் பெயரால் ஒரு மண்டபம் இன்றும் நகரில் நிற்கிறது. வீட்டில் தமிழ் பேசிய குடும்பங்களில் பிறந்த கைலாசமும் மாஸ்தி வெங்கடேச அய்யங்காரும் கன்னட இலக்கியத்துக்கே தூண்களானார்கள். வந்து சேர்ந்த ஊரைத் தம் ஊராக மதித்தவர்களை இந்த மண் என்றும் வேற்றாராக எண்ணியதில்லை.

இறுதியாக, தனிமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்புறநகரின் பல மனைப்பிரிவுகளில் கட்டப்பட்ட வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவர்கள் எங்கோ இருக்கிறார்கள். மனையில் பார்த்தீனியச் செடி மண்டிக் கிடக்கிறது. பத்து மனைக்கு ஒரு வீடு; அவ்வீட்டில் முதிய தம்பதியர் இருவர்; பிள்ளைகள் கடலுக்கு அப்பால். அறுபது வயதில் இனிமையாகத் தோன்றிய அமைதி, எண்பது வயதில், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும்போது வேறு முகம் காட்டும். வண்டியோட்டும் கண் மங்கிய பின், பேருந்து வராத சாலை சிறைச் சுவராகும். அந்த வேளையில் ஓடி வரக்கூடியவர் விலையேற்றத்துக்குக் காத்திருக்கும் மனைக்காரர் அல்லர். மதிலுக்கு அப்பால் உள்ள கிராமத்தாரே. பால் கொண்டுவரும் அம்மையாரும், ஆட்டோ ஓட்டும் அவர் மகனுமே அயலார் என்ற சொல்லுக்குப் பொருளாவார்கள்.

ஆதலால், இருந்து வாழ எண்ணுகிறவர் வாங்கட்டும். வாங்கியவர் காலம் தாழ்த்தாமல் கட்டட்டும். கட்டியவர் மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, கழிவுநீரை ஏரிக்கு அனுப்பாமல் இருக்கட்டும். ஊர்ச் சபை கூடும்போது, மதிலுக்குள் இருப்பவரும் சென்று அமர்ந்து, தம் தெருவுக்கு விளக்குக் கேட்பதோடு கிராமத்துத் தெருவுக்கும் வடிகால் கேட்கட்டும். அரை மைல் தொலைவில் உள்ள அரசாங்கப் பள்ளிக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு நாள் சென்று கணக்குச் சொல்லிக் கொடுத்தால், நிலத்தை இழந்த குடும்பத்தின் பிள்ளை அறிவையாவது பெறும்.

யெல்வாலில் கூடிய பெரியோர் கேட்டதுபோல் நிலத்தைத் தானம் செய்யும்படி நாம் இன்று யாரையும் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய மனை வாங்கியவருக்கே உரியது. ஆனால் மனையைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கலாம். காற்றையும் நீரையும் அக்கம்பக்கத்தையும் எந்தச் சார்பதிவாளரும் எழுதிக் கொடுக்க இயலாது. அவை ஊரோடு கூடி வாழ்ந்தாலன்றிக் கிடைப்பதில்லை. மைசூரின் எல்லையில் மனை வாங்குகிறவர் முப்பதுக்கு நாற்பது நிலத்தோடு ஓர் ஊரிலும் பங்கு வாங்குகிறார். அந்தப் பங்கின் கடமையையும் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறவருக்கு, வந்த இடம் சொந்த இடமாகும்.